வாழ்ந்து போதீரே: திருவாரூரில் ஒரு முறையீடு

திருவாரூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தியாகராஜரைத் தரிசித்துவிட்டு, கமலாலயக் குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோயிலுக்கு வெளியே, வடகிழக்கில் விட்டவாசல் பக்கம் இருக்கிற கல்தேரைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் முதலில் அங்கேதான் போனோம். பெரியம்மாவின் பிடிவாதம் அது.

“சாமி எங்கயும் போகமாட்டாரு தம்பி. முதல்ல அந்தப் பசுவைப் பாத்துட்டு வருவோம்” என்றார்.

பெரியப்பா காலமான பிறகு அவர் பங்கு மனையைச் செல்வாக்குள்ள ஒருவர் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார். வழக்குப் போட்டு, வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. திருவாரூருக்குக் கூட்டிப்போ என்று அவராகவே கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

கல்தேர் பெரியது ஒன்றுமில்லை. இந்தக் கோயிலின் பிரம்மாண்டமான ஆழித்தேரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் கிட்டே போய்க் குனிந்து, சக்கரத்துக்குக் கீழே கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பெரியம்மா தேரைச் சுற்றி வந்தார். பசுவின் முகத்தைக் கையால் தடவிவிட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த கதை. கன்று தேர்க்காலில் சிக்கியது, பசு மணியடித்தது, மன்னன் மகனையே தேர்க்காலில் இட்டான். அவ்வளவுதான் நமக்கு நினைவிருக்கும். பெரிய புராணத்தில் சேக்கிழார் அதைச் சொல்லியிருக்கிற விதமே வேறு. அதை ஊன்றிப் படித்தபிறகு அந்தக் கதை என்னை விடவே இல்லை.

இளவரசன் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. கன்றுதான் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. அமைச்சர்கள் அதைச் சொல்கிறார்கள். மறையில் சொல்லியிருக்கிற பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள். எந்தக் காலத்திலும் அதிகாரத்தின் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்வதுதான். மன்னன் திருப்பிக் கேட்கிறான்: என் மகன் செய்தால் பரிகாரம், அயலான் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனுக்கு மரண தண்டனையா?

அதற்கு முன்னால் அவன் சொல்கிற இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசன் என்பவன் ஐந்து பயங்களிலிருந்து உயிர்களைக் காக்க வேண்டுமாம். அந்த ஐந்தையும் சேக்கிழார் வரிசைப்படுத்துகிறார்: “தன்னால், தன் பரிசனத்தால், ஊனமிகு பகைத்திறத்தால், கள்வரால், உயிர் தம்மால்.” பகைவனும் கள்வனும் விலங்கும் பின்னால்தான் வருகிறார்கள். முதலில் நிற்பவன் அரசனே. அடுத்து அவனுடைய ஆட்கள். ஆளுகிறவனிடமிருந்தும் அவன் சுற்றத்திடமிருந்தும் குடிகளைக் காப்பதுதான் ஆட்சியின் முதல் வேலை என்று ஒரு புலவர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். அவர் வெறும் புலவரும் அல்ல, சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அரண்மனைக்கு உள்ளே இருந்து பார்த்தவரின் வரி அது.

அமைச்சன் ஒருவனிடம் மன்னன் ஆணையிடுகிறான். அவனுக்கு மனம் வரவில்லை, தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். அப்புறம் மன்னனே தேரேறுகிறான். குலத்துக்கு ஒரே மகன். “அருமந்த அரசாட்சி அரிதோ மற்று எளிதோதான்” என்று அந்த இடத்தில் சேக்கிழார் கேட்டுவிட்டுப் போகிறார். பிறகு வீதிவிடங்கப் பெருமான், அதாவது தியாகராஜர், விடைமேல் காட்சி தந்தார், கன்றும் இளவரசனும் அமைச்சனும் எழுந்தார்கள். அந்த முடிவு வரும் என்று தேரேறும்போது மன்னனுக்குத் தெரியாது. அதை மறந்துவிட்டுக் கதையைக் கேட்டால் பாதிக் கதைதான் கேட்டதாகும்.

இந்தக் கதை சேக்கிழாரோடு தொடங்கியதும் இல்லை. கண்ணகி பாண்டியன் அவையில் நின்று தன் ஊரைச் சொல்லும்போது இந்தச் சோழனையும் சொல்கிறாள். விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதே திருவாரூர்க் கோயிலில் இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது. இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் கிராமங்களுக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்றுதான் பெயர். பெரியம்மாவும் அப்படியொரு முகாமில் மனு கொடுத்தவர்தான்.

“மணி எங்க தொங்கிச்சாம்?” என்று கேட்டார்.

“அரண்மனை வாசல்ல, பெரியம்மா.”

“மாட்டுக் கொம்புக்கு எட்டுற ஒசரத்துல கட்டியிருக்கான் பாரு” என்றார். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு கோயிலுக்குள் போனோம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பார்கள். நடந்தால்தான் அந்தச் சொல்லின் பொருள் காலுக்குத் தெரியும். மூலவர் புற்றிடங்கொண்டாரைத் தரிசித்தோம். தியாகராஜரின் திருமுகம் மட்டும்தான் நமக்குத் தெரியும், மேனி மறைந்தே இருக்கும். அவர் முன்னால் நந்தி எழுந்து நிற்கிறது. வேறு கோயில்களில் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும் நவகிரகங்கள் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. கமலாம்பிகை யோகத்தில் அமர்ந்திருக்கிறாள். பெரியம்மா அவள் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கோயிலைக் கற்கோயிலாக்கிப் பொன் வேய்ந்தவர் பரவை நங்கை, முதலாம் இராசேந்திர சோழனின் அணுக்கி, அவனுக்கு நெருக்கமான பெண். இராசேந்திரனும் அவரும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கங்கை வரை படை அனுப்பியவன், கடாரம் கொண்டவன். அந்த வெற்றியெல்லாம் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரையான மெய்க்கீர்த்தியில் வரிசையாக இருக்கிறது. அதைப் படிக்கும்போது வராத ஒரு நெருக்கம் இந்த விளக்கைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வருகிறது. இத்தனை ஜெயித்த மனிதனும் இங்கே வந்து ஒரு பெண்ணோடு கைகூப்பி நின்றிருக்கிறான். அந்த இடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

சாயரட்சை என்கிற மாலைப் பூஜைக்குக் கூட்டம் இருந்தது. தேவர்களே அந்த வேளைக்கு வந்து தொழுவதாக ஐதீகம். பூஜை முடிந்து கூட்டம் கலைந்தபின், ஓதுவார் ஒருவர் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெரியம்மா நேராக அவரிடம் போனார்.

“ஐயா, மீளா அடிமை பாடுவீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கண்ணு நல்லாகணும்னு யாருக்காவதும்மா?”

“இல்லைங்கய்யா. எனக்குக் கேக்கணும்.”

அவர் அதற்குமேல் விசாரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாடினார்.

“மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவாரூரீர் வாழ்ந்து போதீரே.”

சுந்தரர் இதைப் பாடிய நிலைமை தெரிந்தால்தான் இதன் சூடு தெரியும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சுந்தரர் அதற்கும் ஒரு வழி பார்த்தார். சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே சொல்லிவைத்தார். தோழர் அல்லவா, சரி என்றார் இறைவன். ஆனால் சங்கிலியாருக்கு மகிழடியிலேயே சத்தியம் கேட்கச் சொல்லி உணர்த்திவிட்டார். மகிழடியிலேயே சத்தியம் ஆயிற்று. பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வர, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று பாடியதுதான் இந்தப் பதிகம்.

மனுநீதிச் சோழனுக்கு மகன் எப்படியோ, அப்படித்தான் இறைவனுக்குச் சுந்தரர். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவர். இவருக்காக நள்ளிரவில், இவருடைய திருவாரூர் மனைவி பரவையார் வீட்டுக்கு இரண்டு தடவை தூது போனவர் அந்தப் பெருமான். அவ்வளவு நெருக்கம். ஆனாலும் ஒரு பெண்ணுக்குச் செய்த சத்தியத்தை மீறியபோது, என் ஆள்தானே என்று விட்டுவிடவில்லை. ஒரே ஊரில் இந்த இரண்டு கதையும் சேர்ந்திருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

ஓதுவார் அடுத்த பாட்டுக்குப் போனார். “குற்றம் ஒன்றும் செய்த தில்லை கொத்தை யாக்கினீர், எற்றுக் கடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்.” நான் ஒரு தப்பும் செய்யவில்லை, என்னைக் குருடாக்கினீர், ஏன் கண்ணைப் பறித்தீர், பழி உமக்குத்தான். சத்தியத்தை மீறியவர் இப்படிப் பேசுகிறார்! இது நியாயமா என்று எனக்கு ரொம்ப நாள் சங்கடம் இருந்தது. அன்றைக்கு அந்தத் தூணருகே கேட்டபோது அந்தச் சங்கடம் போய்விட்டது. வலிக்கிறவன் வழக்கை ஒழுங்காக வாதிடமாட்டான், கத்துவான். அந்தக் கத்தலை இறைவன் காது கொடுத்துக் கேட்டார், வலக்கண்ணும் வந்தது. அதைவிட, இந்தத் திட்டைத் தேவாரத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. நீர் மட்டும் நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று அவரைப் பார்த்துச் சொன்னதை, அவர் சன்னிதியிலேயே இன்றைக்கும் பண்ணோடு பாடுகிறார்கள். எந்த அதிகாரி, எந்த மன்னன், தன்னைப் பற்றிய புகாரைத் தினமும் தன் வாசலில் பாடவிடுவான்?

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “வாழ்ந்து போதீரே” வரும் இடமெல்லாம் அவர் உதடும் அசைந்தது. நாலைந்து பாட்டுக்குப் பிறகு குரலே வந்துவிட்டது, ஓதுவாரோடு சேர்ந்து பாடினார். ஓதுவார் அவருக்காகக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாடினார்.

குளக்கரைக்கு வந்து உட்கார்ந்தோம். கமலாலயம் என்றாலே எனக்குத் தண்டியடிகள்தான். பிறவியிலேயே கண் தெரியாதவர். குளம் தூர்ந்து போகக்கூடாது என்று உள்ளே ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அதை எதிர்த்தவர்கள் கயிற்றையும் மண்வெட்டியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் இறைவனிடம் முறையிட, இறைவன் அரசன் கனவில் போய் வழக்கைத் தீர்த்துவை என்றார். அடிகளுக்குக் கண் வந்தது, எதிர்த்தவர்களுக்குப் பார்வை போயிற்று. அந்தக் கடைசிப் பகுதி எனக்கு இன்னும் மனத்துக்கு ஒப்பவில்லை, கண்ணுக்குக் கண் போக வேண்டியதில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கடவுளே நேராகச் செய்துவிடாமல், அரசனைப் போய்ச் செய் என்றது எனக்குப் பிடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் வேலையை அவனைத்தான் செய்ய வைக்கிறார்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப அந்த ஜட்ஜய்யா கனவுலயும் போகட்டும்” என்றார். பிறகு, “நாம போக வேண்டிய இடத்துக்கு நாம போயிடணும். அது நம்ம வேலை” என்றார்.

வாய்தா வரும் புதன்கிழமை. இதுவரை அவர் தனியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை நானும் லீவு சொல்லியிருக்கிறேன். வில்லங்கச் சான்றிதழும் பழைய பத்திர நகலும் என் பையில்தான் இருக்கின்றன.