சிறையில போட்ட ராஜாவோட மகன்கிட்டயே பேசப் போன பி.பி. கொய்ராலா

பி.பி. கொய்ராலா நேபாளத்துக்கு பிரதமரா இருந்தது மொத்தமே ஒன்றரை வருஷம் சொச்சம் தான். 1959 மே கடைசியில பதவிக்கு வந்தாரு, 1960 டிசம்பர் 15 அன்னிக்கு காத்மாண்டுல கட்சி இளைஞர் அணி கூட்டத்துல இருந்தவரை மகேந்திரா ராஜாவோட ராணுவம் வந்து புடிச்சிட்டுப் போயிடுச்சு. அப்புறம் 8 வருஷம் காத்மாண்டு பக்கத்துல சுந்தரிஜல்ல காவல், விசாரணைன்னு ஒண்ணும் கிடையாது.

இத்தனைக்கும் அது நேபாளத்தோட முதல் பொதுத்தேர்தல்ல ஜெயிச்சு வந்த அரசாங்கம், 109 சீட்டுல 74 இவரோட கட்சியான நேபாளி காங்கிரசுக்கு. வந்த உடனே கை வெச்சது பிர்தா நிலத்துல, அதாவது பரம்பரை பரம்பரையா பிரதமரா இருந்து 1951 வரைக்கும் நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்துக்கும் அரண்மனைக்கு வேண்டப்பட்டவங்களுக்கும் வரி இல்லாம தூக்கிக் கொடுத்திருந்த நிலம், அந்த முறையையே ஒழிச்சு சட்டம் போட்டாரு. நிலம் வெச்சிருந்த பெரிய இடத்து ஆளுங்களுக்கு கோவம், மக்கள் ஓட்டுல இவ்ளோ பலமா ஒருத்தர் வந்து உக்காந்தது ராஜாவுக்கும் பிடிக்கல.

எதிர்ப்பு அந்த குடும்பத்துக்கு புதுசு இல்ல. அப்பா கிருஷ்ண பிரசாத், ஏழை ஜனங்க போட்டிருந்த கிழிஞ்ச துணியை பார்சல் கட்டி ராணா பிரதமர் சந்திர ஷம்ஷேருக்கே அனுப்பினவரு, அதனால குடும்பமே நாட்டை விட்டு இந்தியாவுக்கு வர வேண்டியதாச்சு. பி.பி. பிறந்தது 1914ல காசியில, வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல பிரிட்டிஷ்காரன் ஜெயிலயும் பாத்துட்டாரு, 1947ல நேபாளத்து பிராட்நகர் சணல் மில் ஸ்டிரைக்குக்காக ராணா ஜெயிலும் ஆச்சு. (நம்ம ஊர்ல கொய்ராலான்னா மனிஷா கொய்ராலா தான் எல்லாருக்கும் தெரியும், அவங்க இவரோட பேத்தி.)

1968ல விடுதலை ஆகி காசிப் பக்கம் வந்து அங்கிருந்தே ஆயுதப் போராட்டத்துக்கு ஏற்பாடு பண்ணாரு. 1973ல பிராட்நகர்ல இருந்து கிளம்பின விமானத்தை கட்சிக்காரங்க பீகார்ல ஃபோர்பெஸ்கஞ்சுக்கு கடத்தி, அதுல போன பேங்க் பணம் 30 லட்சம் இந்திய ரூபாயை எடுத்துக்கிட்டாங்க. அவர் மேல எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை என்னால நியாயப்படுத்த முடியாது, பயணிகளோட உயிரை பணயம் வெச்ச காரியம் அது.

ஆனா 1976 டிசம்பர் 30 அன்னிக்கு அவர் எடுத்த முடிவு இருக்கே, எனக்கு அவரோட பிரதமர் பதவியை விட அது தான் பெருசா தெரியுது. நேபாளத்துல காலை வெச்சா கைது, மேல இருக்கிற ராஜதுரோக கேசுக்கு தூக்கு கூட விழலாம், எல்லாம் தெரிஞ்சும் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான கணேஷ் மான் சிங்கோட சேர்ந்து தேசிய சமரசம்னு சொல்லிட்டு காத்மாண்டுக்கே ஃபிளைட் ஏறிட்டாரு. பக்கத்துல மன்னராட்சியா இருந்த சிக்கிம் இந்தியாவோட சேர்ந்து அப்ப ரெண்டு வருஷம் கூட ஆகல, ராஜாவும் ஜனநாயக கட்சிகளும் அடிச்சிக்கிட்டே இருந்தா நேபாளம்னு ஒரு நாடே இல்லாம போயிடும்னு பயந்தாரு, அதனால தன்னை உள்ள தள்ளின மகேந்திராவோட மகன், அப்ப ராஜாவா இருந்த பிரேந்திராகிட்டயே பேசலாம்னு போனாரு. ஏர்போர்ட்லயே கைது. நடுவுல தொண்டைப் புற்றுநோய்க்கு அமெரிக்கா போக விட்டாங்க, அங்கயே தங்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, ஆனா திரும்பி வந்தாரு, வந்ததும் மறுபடி கைது. 1978ல கோர்ட் எல்லா கேசுலயும் விடுதலை பண்ணுச்சு.

1980 மே மாசம், மகேந்திரா கொண்டு வந்த கட்சி இல்லாத பஞ்சாயத்து ஆட்சி முறையா, பல கட்சி ஆட்சியான்னு வாக்கெடுப்பு. பஞ்சாயத்துக்கு கிட்டத்தட்ட 55 சதவீதம், இவர் பக்கம் 45. மோசடின்னு பல பேர் கொதிச்சாங்க, இவரு முடிவை ஏத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு, அதுக்காக சொந்த ஆளுங்ககிட்டயே திட்டும் வாங்கினாரு. ஓட்டால தான் ஆட்சி மாறணும்னு வாழ்க்கை முழுக்க கேட்ட மனுஷன் வேற என்ன சொல்லியிருக்க முடியும்? 1982 ஜூலையில இறந்துட்டாரு, பல கட்சி ஆட்சி திரும்ப வந்தது 1990ல, அடுத்த வருஷ தேர்தல்ல ஜெயிச்சு பிரதமரானது அவரோட தம்பி கிரிஜா.