மயில்கழுத்து நிறத்தில் ஒரு கார்

ட்ரையல் அறைக் கதவைத் திறந்துகொண்டு மாடல் பெண் வெளியே வந்ததும், எங்கள் கட்டிங் மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தோளின் மேல் போனட் மாதிரி புடைத்த இரண்டு மடிப்பு, நெஞ்சில் வட்ட வட்டமாக ஹெட்லைட், இடுப்பைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பம்பர். "மேடம், மீட்டர் போட்டுடலாமா?" என்றான் ஓவர்லாக் மெஷினில் இருந்த பையன். அன்றிலிருந்து அந்தக் கோட்டுக்கு 'ஆட்டோ' என்றே பெயர். நுங்கம்பாக்கம் ஸ்டுடியோவின் மாடிப்படி ஓரம் இன்னும் தொங்குகிறது.

ஆர்டர் கொடுத்தவர் பழைய கார்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர். அவரிடம் 1960களின் ஜாகுவார் ஈ-டைப் ஒன்று இருந்தது. அதிலிருந்து மனைவி இறங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மேல்கோட், கையில் ஒரு தோல்பை. "இதைப் பார்த்தா கார் ஞாபகம் வரணும்மா" என்றார், அவ்வளவுதான். (அவர் ஜாக்கெட் என்று சொன்னதை ரவிக்கை என்று எடுத்துக்கொண்டு, எங்கள் ரிசப்ஷன் பெண் 'முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம்' என்று அளவு நோட்டில் பக்கம் பிரித்து வைத்திருந்தாள்.)

நான் காரைப் பார்க்காமல் காரின் படத்தைப் பார்த்து வரைந்தேன். ஃபேஷன் உலகப் பெரியவர்கள் செய்ததைப் பார்த்து வந்த துணிச்சல் வேறு. பிரெஞ்சு டிசைனர் தியெரி முக்லேர் 1992-இல் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் கண்ணாடியும் முளைத்த மார்க்கச்சு ஒன்றை மேடையேற்றினார். இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடாவின் 2012 வசந்தகாலத் தொகுப்பில் செருப்புகளின் பின்புறம் டெயில் லைட்டும் தீ ஜுவாலையும் இருந்தன. அதெல்லாம் மேடைக்கு. நான் தைத்தது, தரையோடு தரையாகத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவேண்டிய ஒரு பெண்மணிக்கு. ட்ரையலில் மாடலை முக்காலியில் உட்காரச் சொன்னோம். தோள் மடிப்பு இரண்டும் அவள் காதை இடித்தன.

பிறகுதான் காரைப் பார்க்கப் போனேன். கரும்பச்சை. அந்தக் காலத்து ஜாகுவார் வண்ண அட்டையில் ஓபலெசென்ட் டார்க் கிரீன் என்று பெயர். பெயின்ட்டுக்குள் பொடிப்பொடியாக உலோகத் துகள் கிடப்பதால் நேரே பார்த்தால் ஒரு பச்சை, சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று. அவர் போனட்டைத் திறந்து காட்டினார். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதி அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கிறது. மூடியபின் ஷெட்டின் டியூப்லைட் அதன் மேல் ஒரே கோடாக விழுந்து, மூக்கிலிருந்து கண்ணாடிவரை எங்கும் உடையாமல் ஓடியது. நான் வரைந்திருந்த எதிலும் அந்தக் கோடு இல்லை.

தகட்டை அச்சில் வைத்து அழுத்தினால் அது இழுபட்டு வளையும். துணி அப்படி வளையாது. எங்கே குவிய வேண்டுமோ அங்கே டார்ட் (கூம்பாக மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டுத் தையல் போடவேண்டும். ஆகவே காரின் உருவத்தைத் துணியில் கொண்டுவரப் பார்த்தால் உள்ளே ஃபோம் வைத்துத் திணிக்க நேரும். திணித்தால் ஆட்டோதான் வரும். வெளிச்சத்தை மட்டும் கொண்டுவர முடியுமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளை மடிப்பு மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது மயில்கழுத்து.

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. மடிப்பு திரும்பும் இடத்தில் ஒன்று மங்கி மற்றது எழும். ஜாகுவார்காரர்கள் துகள் கலந்து செய்ததை நம் நெசவாளர்கள் இரண்டு நூலை வைத்துச் செய்கிறார்கள். காஞ்சிபுரத்தில் ஒருவரிடம் கரையும் முந்தியும் இல்லாமல் வெறும் உடலாக நெய்து தரக் கேட்டேன். "கரை இல்லாம பட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மாஸ்டரோடு சண்டை அதற்குப் பிறகுதான். இப்படி இரு நிறம் காட்டும் துணியில் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டவேண்டும் என்பது பாலபாடம். ஒன்றைத் திருப்பி வெட்டினால் நிறம் மாறித் தெரியும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. முன்பக்கத் துண்டுகளில் பாவு நேராக ஓடட்டும், விலாத் துண்டுகளில் குறுக்காக ஓடட்டும் என்றேன். "துணியைத் தப்பா வெட்டிட்டாங்கன்னு ஊரே சிரிக்கும் மேடம்" என்றார். முதலில் அரை மீட்டரில் ஒரு துண்டு தைத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் தையலில் இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் பச்சை. நடுவே யாரும் வரையாத ஒரு கோடு. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எடுத்தார்.

கைப்பைக்கான தோலைப் பெரியமேட்டில் வாங்கிக்கொண்டு ஜி.பி. ரோட்டில் சீட் கவர் தைக்கும் பாய் ஒருவரிடம் போனேன். கார் சீட்டில் வரும் தையல் வேண்டும் என்றேன். தோலை இரண்டு விரலால் நிமிண்டினார். "இது கோட்டுக்கு ஆகும்மா. பைக்கு நிக்காது. சீட்டுத் தோல் இதுல ரெண்டு மடங்கு கனம்." மாட்டுத் தோல் ஒன்றில் 40, 50 சதுர அடிகூடக் கிடைக்கும், நான் கொண்டுபோன ஆட்டுத் தோலில் 5, 6 அடி வந்தால் பெரிது. எங்கே ஒட்டு வரும் என்பதை நான் தீர்மானிப்பதற்குள் ஆடு தீர்மானித்துவிடுகிறது. தையல் நெருக்கமாக இருந்தால் அழகு என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஒரு துண்டில் நெருக்கி அடித்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். தபால் தலை மாதிரி கிழிந்து வந்தது. தோலில் ஊசி போட்ட துளை மூடாது, பிரித்துத் தைக்கலாம் என்பதே கிடையாது. ஸ்டியரிங் உறை தைப்பதுபோல ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக வாங்கித் தைத்துக் காட்டினார். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். கனமான தோல் வாங்கிவந்து அந்தப் பையை நானே கையால் தைத்தேன். நான்கு நாள் ஆயிற்று. கட்டைவிரல் ஒரு வாரத்துக்கு மரத்துக் கிடந்தது.

டெலிவரி அன்று கார்க்காரர் கோட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதுல கார் எங்கம்மா இருக்கு?" என்றார். நான் முழித்தேன். மாஸ்டர்தான், "வெயிலுக்கு வந்து பாருங்க சார்" என்றார். அதற்குள் அவர் மனைவி அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டிருந்தார். வாசலில் அவர் திரும்பியதைப் பார்த்தபின் இவர் மறுபேச்சுப் பேசவில்லை. பில்லில் மட்டும் லைனிங் துணிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டார்.

ஐப்பசி மழையில் பை திரும்பி வந்தது. வெள்ளையாகப் பூஞ்சை. மெட்ராஸ் ஈரத்தில் தோலை பீரோவில் பூட்டி வைத்தால் அப்படித்தான். துடைத்து, காற்றாட வைத்துக் கொடுத்தேன். கார் ஷெட்டில் ஈரம் உறிஞ்சும் மெஷின் இரவும் பகலும் ஓடுகிறதாம். இப்போது பை காருக்குள், முன் சீட்டில் இருக்கிறது. எங்காவது கிளம்ப வேண்டுமென்றால் அந்த அம்மாள் ஷெட் சாவியைக் கேட்டு வாங்கிப்போய்த்தான் எடுத்துக்கொள்கிறாராம்.