மஸ்கட் கோட்டையும் எங்கட கோட்டையும்

ஓமான்ல மூணு வருசம் டிரைவரா நிண்டன். பழைய மஸ்கட் பக்கம் சாமான் இறக்கப் போனா கடலோரம் பாறைக்கு மேல ஜலாலி, மிரானி எண்டு ரெண்டு கோட்டை நிக்கும், ரெண்டும் போர்த்துக்கீசன் கட்டினது. பார்க்கிற நேரமெல்லாம் மட்டக்களப்புல இருக்கிற எங்கட புளியந்தீவுக் கோட்டைதான் ஞாபகம் வரும், அதுவும் அவன் 1628ல கட்டினதுதானே.

1507ல போர்த்துக்கீசத் தளபதி அல்புகெர்க் மஸ்கட்ட எரிச்சிப் பிடிச்சான், 1515ல வளைகுடா வாசல்ல இருக்கிற ஹொர்மூஸ் தீவும் அவன்ட கைக்குப் போச்சு. அதுக்குப் பிறகு கடல்ல போற கப்பலெல்லாம் அவன்ட்ட ‘கர்தாஸ்’ எண்ட பாஸ் எடுக்கணும், காசும் கட்டணும், இல்லாட்டி கப்பலும் சரக்கும் அவனுக்குத்தான். காலங்காலமா ஓடின கடல்ல ஓட எவன்ட்டயோ துண்டு வாங்கணுமாம், என்ன அநியாயம் பாருங்க! கர்தாஸ் எண்டதும் அரபில கடதாசிக்குச் சொல்ற சொல்லுல இருந்து வந்ததுதான், சொல்லையும் எடுத்து அதாலயே வரியும் புடிச்சிருக்கான்.

மட்டக்களப்புல 1638ல ஒல்லாந்தன் வந்து போர்த்துக்கீசனக் கலைச்சான், எங்களுக்கு ஆள் மாறினதுதான் மிச்சம். ஓமான்காரனுகள் அப்பிடி இல்ல, 1650ல அவனுகளே மஸ்கட்ட மீட்டு, பிடிச்ச கப்பல்கள வச்சே கடற்படை கட்டி, 1698ல ஆபிரிக்கக் கரையில போர்த்துக்கீசன் வச்சிருந்த மொம்பாசாக் கோட்டையையும் எடுத்துட்டானுகள், அந்த முற்றுகை மட்டும் ரெண்டரை வருசத்துக்கு மேல. அதுக்காக வெள்ளக்காரனோட யாவாரத்த விடல்ல, இங்கிலீசுக்காரனோடயும் ஒல்லாந்தனோடயும் பேரம் பேசிக்கிட்டுத்தான் இருந்தானுகள்.

இதெல்லாம் வாப்பாட்ட சொன்னன். பிளேன்டீயக் குடிச்சிக்கிட்டே, "அப்ப நம்மட ஆக்கள் என்ன செஞ்ச?" எண்டார்.