ஆன்ஜே பேரிக்காயும் பிரிட்டனி உப்பும்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆன்ஜே. லுவார் ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனைகளைப் பார்க்கத்தான் போவார்கள். ஆன்ஜேயிலும் 17 கோபுரங்களோடு ஒரு கோட்டை இருக்கிறது. அதற்குள் 14-ஆம் நூற்றாண்டில் நெய்த பிரம்மாண்டமான திரைச்சீலை ஒன்று நூறு மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது. அவசியம் பாருங்கள். நான் போனது பேரிக்காய்க்காக.

உலகத்திலேயே ருசியான பேரிக்காய் எது என்று விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால், பலர் 'துவாயெனே து கோமிஸ்' என்பார்கள். அது பிறந்த ஊர் ஆன்ஜேதான். இங்கே இருந்த தோட்டக்கலைச் சங்கத்தின் பழத்தோட்டத்தில், விதையிலிருந்து வளர்த்த ஒரு மரம் 1849-ல் முதல் முறையாகக் காய்த்தது. 'கோமிஸ்' என்பது அந்தச் சங்கத்தைக் குறிக்கும் சொல். இதே ஊரில் இதே 1849-ல்தான் க்வான்த்ரோ மதுபானக் கம்பெனியும் தொடங்கியது. ஊரில் பலரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்குப் பேரிக்காய்தான் பெரிது.

அக்டோபரில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் கோமிஸ் குவிந்து கிடக்கிறது. அடி பெருத்து, மஞ்சளும் பச்சையுமாக, மேலே சொரசொரவென்று பழுப்புத் திட்டுகளோடு, பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். கடைக்கார அம்மா எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. "இன்றைக்குச் சாப்பிடவா, செவ்வாய்க்கிழமைக்கா?" என்றார். "நாளைக்கு" என்றேன். ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும். வயிற்றுப் பக்கம் மெத்தென்று ஆவதற்குள் நடுப்பகுதி குழைந்துபோயிருக்கும். அதனால் காம்பு ஓரம்தான் கணக்கு. மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளே மணல் மணலாக ஆகிவிடும் என்று காயாகவே பறித்து, சில வாரம் குளிரில் வைத்து, அப்புறம்தான் பழுக்க விடுகிறார்கள்.

மறுநாள் ஒரு வீட்டுச் சமையலறையில் வகுப்பு. பாடம்: ஆளுக்கு ஒன்றாகச் சின்ன உலோக வளையங்களில் அமைக்கும் பேரிக்காய் மூஸ் (பழ விழுதில் அடித்த க்ரீம் கலந்து உறைய வைப்பது) கேக், அடியில் கேரமல் ஸ்பாஞ்ச். நடத்தியவரை எல்லோரும் மதாம் என்றே கூப்பிட்டோம். கேரமலை மூஸிலேயே கலந்தால் என்ன என்று முதலிலேயே கேட்டேன். "பேரிக்காய் மெதுவாகப் பேசும். கேரமலைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அது பேசுவது உங்களுக்குக் கேட்காது" என்றார் மதாம். கேரமல் கீழே ஸ்பாஞ்சில் இருக்க, மேலே மூஸில் பேரிக்காய் தனியாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. சாப்பிட்ட பிறகு நானும் அந்தக் கட்சிதான்.

அவர் கேரமல் செய்தது உப்பு வெண்ணெயில். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வேதாரண்யம் தெரிந்தவர்களுக்கு உப்பு வரி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரான்சில் அதற்கு 'கபெல்' என்று பெயர். மேற்கே பிரிட்டனி மாகாணத்துக்கு அந்த வரி இல்லை, அதனால் வெண்ணெயில் தாராளமாக உப்புப் போட்டார்கள். ஆன்ஜே இருக்கும் ஆன்ஜூ மாகாணமோ வரி மிகக் கடுமையாக இருந்த பகுதி. எல்லைக்கு இந்தப்பக்கம் உப்பு பல மடங்கு விலை, அதிலும் இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம். எல்லை நெடுக உப்புக் கடத்தல் நடந்தது. பிடிபட்டவர்களைக் கப்பலில் துடுப்புப் போடும் தண்டனைக்கு அனுப்பினார்கள். 1790-ல் வரியை ஒழித்தார்கள். ஆனால் உப்பு வெண்ணெய் இன்றும் பிரிட்டனிக்காரர்களின் அடையாளம். 1977-ல் கிபெரோன் ஊரில் ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் அந்த வெண்ணெயில் கேரமல் செய்து பேர் வாங்கினார். ஆக, ஆன்ஜூவின் பழமும் பிரிட்டனியின் உப்பும் ஒரே தட்டில் சேரும் இந்த கேக் எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம்.

சரி, செய்முறை. அடி கனமான வாணலியில் 90 கிராம் சர்க்கரை, தண்ணீர் கிடையாது. ஓரத்தில் உருகத் தொடங்கும்போது கரண்டி போடாமல் வாணலியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொன்னிறம் வந்ததும் நான் இறக்கப் போனேன். மதாம் கையைக் காட்டி நிறுத்தினார். செம்பு நிறம் தாண்டி, முதல் மெல்லிய புகை கிளம்பும் கணம் வரை காத்திருந்தார். அந்தக் கசப்பு இருந்தால்தான் மேலே வரும் பழத்தின் இனிப்பு எடுபடும். உடனே 80 மில்லி சூடான க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பொங்கி எழும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். க்ரீம் குளிர்ந்திருந்தால் கேரமல் கட்டியாக இறுகிவிடும். அதில் 30 கிராம் உப்பு வெண்ணெய். ஆறியதும் மூன்று மஞ்சள் கரு, 60 கிராம் மைதா, கடைசியில் நுரைக்க அடித்த மூன்று வெள்ளைக் கரு. தட்டில் மெல்லிசாகப் பரப்பி 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெந்ததும் வளையத்தாலேயே வட்டம் வட்டமாக வெட்டிக்கொள்ளலாம்.

மூஸுக்கு 300 கிராம் பழுத்த கோமிஸ் விழுது. எலுமிச்சைச் சாறு விட்டுத்தான் அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிமிடத்தில் கறுத்துவிடும். 40 கிராம் சர்க்கரை சேர்த்துச் சூடாக்கி, குளிர்ந்த நீரில் ஊறிய 6 கிராம் ஜெலட்டின் தாளைப் பிழிந்து கரைக்கிறோம். பப்பாளி, அன்னாசியைப் பச்சையாகப் போட்டால் அவற்றின் நொதிகள் ஜெலட்டினை உறையவிடாது. பேரிக்காயில் அந்தத் தொல்லை இல்லை. விழுது கைக்கு வெதுவெதுப்புக்கூடத் தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு, 250 மில்லி க்ரீமை அரைப்பதமாக, கரண்டியிலிருந்து வழியும் அளவுக்கு மட்டும் அடித்துக் கலக்க வேண்டும். விழுது சூடாக இருந்தால் க்ரீம் உருகும், அதிகம் குளிர்ந்தால் ஜெலட்டின் திரிதிரியாகிவிடும்.

வளையத்துக்குள் ஸ்பாஞ்ச், பாதி மூஸ், நடுவில் சர்க்கரைப் பாகில் வேகவைத்த பேரிக்காய்த் துண்டுகள், மேலே மீதி மூஸ். துண்டுகளுக்கு கோமிஸ் ஆகாது, வெந்தால் கரைந்துவிடும். கான்ஃபரன்ஸ் ரகம் உருக்குலையாமல் நிற்கும். ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்து, காலையில் வளையத்தை உருவி, பரிமாறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். நேராக ஃப்ரீஸரிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் பேரிக்காயின் வாசனையே தெரியாது.

ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு: நம் கொடைக்கானல், ஊட்டிப் பேரிக்காய் கெட்டியானது, நடுவில் வைக்கும் துண்டுகளுக்கு அருமையாகப் பொருந்தும். விழுதுக்கு இறக்குமதியாகும் பேரிக்காயை வாங்கி, காம்பு ஓரம் அமுங்கும் வரை மேஜைமேல் விட்டு வையுங்கள். பிரான்சில் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. வேண்டாம் என்பவர்கள் கடல்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ் (அகர் அகர்) போடலாம். ஆனால் அதை நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் கரையும், 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகத் தொடங்கும். எனவே கொஞ்சம் சூடாக இருக்கும்போதே வேகமாகக் கலக்க வேண்டியிருக்கும், மூஸும் சற்றுக் கெட்டியாக வரும். அதோடு, சைனா கிராஸ் போட்ட மூஸை ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீர் விட்டுவிடும். ஃப்ரிட்ஜ் போதும்.