முதலாளி எப்போது செத்தான்?

முதல் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். "உங்க ஆட்களுக்கெல்லாம் இங்கே ரெக்கார்டு இருக்காது, மேடம்." அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்தில், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணினியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார். தன் முன்னோரைப் பற்றிய ஆவணம் கேட்டவர் என் மாமியார். வயது 78. அதற்காக சார்லட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்திருந்தார். அத்தை (நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவரும் பழகிவிட்டார்) "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மூடினார். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க் காபியோடு அழுகையையும் முழுங்கியது நான்தான்.

இது நடந்து பதினொரு மாதம் ஆகிறது. இப்போது தேட வேண்டியது கிடைத்துவிட்டது. இதே வழியில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். இங்கே மணம் முடித்த நம்மவர்களில் சிலருக்காவது உதவும்.

என் கணவர் வீட்டார் தென் கரோலினாக்காரர்கள், கறுப்பினக் குடும்பம். அத்தைக்கு அவருடைய அப்பா வழிக் கொள்ளுத்தாத்தாவின் தாய் யார் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. மாயவரத்தில் என் அப்பா பத்திர எழுத்தர். வில்லங்கம் போட்டுப் பார்ப்பதையும் மூலப்பத்திரம் தேடுவதையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். "நான் ஒரு மாசத்துல எடுத்துக் குடுக்கறேன் அத்தை" என்று சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பின்னோக்கி 1870 வரைக்கும் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. முன்னோர் ஆவணங்களைத் தேடும் ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும், ஆனால் தென் கரோலினாவில் அந்தப் பதிவு 1915-இல்தான் தொடங்குகிறது. திருமண லைசென்ஸ் 1911-க்கு முன் கிடையாது. 1890 சென்சஸ் 1921 தீ விபத்தோடு போய்விட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1880-இல் உறவுமுறை எழுதியிருப்பார்கள். 1870-இல் வீட்டில் யார் யார் என்று மட்டும்தான் இருக்கும், யாருக்கு யார் என்ன உறவு என்று இருக்காது.

1870-க்கு முன்னால் சுவர். அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களை 1850, 1860 சென்சஸ்களில் தனி அட்டவணையில் எழுதினார்கள். முதலாளி பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் இருக்காது. "ஆண், 12, கறுப்பு." இதில் கொள்ளுத்தாத்தாவை எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

நான் செய்த முதல் முட்டாள்தனம் குடும்பப் பெயரை நம்பியது. அதே பெயரில் அந்தப் பக்கம் ஒரு பெரிய வெள்ளைக்காரக் குடும்பம் இருந்தது. அவர்கள்தான் முதலாளிகள் என்று முடிவு கட்டி நான்கு மாதம் அவர்களுடைய உயில், பத்திரம், கல்லறை எல்லாவற்றையும் குடைந்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான பிறகு பலர் கடைசி முதலாளியின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் அதற்கு முந்தைய முதலாளி பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாமே ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பார்கள். இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது முட்டாள்தனம்தான் அந்த முதல் பயணம். குடும்பம் இருந்த இடம் இன்று எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனோம். அதற்குத் தாயான பழைய எட்ஜ்ஃபீல்ட் கவுண்டி கடல் மாதிரி. அதிலிருந்து 1871-இல் ஏக்கனுக்கும், 1895-இல் சலூடாவுக்கும், 1897-இல் கிரீன்வுட்டுக்கும், 1916-இல் மக்கார்மிக்குக்கும் நிலத்தைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். புதுக் கவுண்டியில் அது பிறந்த பிறகு பதிவானவைதான் இருக்கும். அதற்கு முந்தையது தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். மாவட்டம் பிரிந்த ஊரில் பிறந்த எனக்கே இது உறைக்கவில்லையே என்று இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கவுண்ட்டர்காரர் "1850-ஆ? அப்படின்னா எட்ஜ்ஃபீல்ட் போங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ரெக்கார்டே இல்லை என்று சொல்வதும், இங்கே இல்லை என்று சொல்வதும் ஒன்றா?

எட்ஜ்ஃபீல்ட் ஒரு வகையில் அதிர்ஷ்டம். உள்நாட்டுப் போரின்போது 1865-இல் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை வந்த பாதையில் இருந்த ஆரஞ்ச்பர்க், ரிச்லேண்ட் பக்கமெல்லாம் பழைய பத்திரங்கள் எரிந்துபோயின. அங்கே வேர் உள்ளவர்களுக்கு வேறு வழிதான். எட்ஜ்ஃபீல்டில் பெட்டி பெட்டியாக இருக்கிறது.

ஆனால் எந்தப் பெட்டி? இங்கேதான் அப்பா சொல்லிக்கொடுத்ததைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் சொத்துக்காரர் பெயரைப் பிடித்தால் சொத்து வரும். இங்கே நாம் தேடும் ஆளே சொத்து. அவர் பெயரில் அட்டவணை கிடையாது. அவரைச் சொத்தாக வைத்திருந்தவன் செத்தால்தான் பட்டியல் போடுவார்கள். அப்போதுதான் அவர் பெயர் ஒரு காகிதத்தில் ஏறும். முன்னோர் எப்போது பிறந்தார் என்று தேடுவதை விட்டுவிட்டு முதலாளி எப்போது செத்தான் என்று தேட ஆரம்பித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அதற்கும் முன்னால் முதலாளி யார் என்று தெரிய வேண்டுமே. அங்கே ஒரு வங்கி கைகொடுத்தது. விடுதலையானவர்களுக்காக 1865-இல் தொடங்கி 1874-இல் திவாலான ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க். நம்பிப் பணம் போட்ட ஏழைகளின் காசை முழுங்கிய வங்கி அது. ஆனால் கணக்கு தொடங்கும்போது அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த ஏடுகள் இருக்கின்றன. எட்ஜ்ஃபீல்டுக்கு ஆற்றைத் தாண்டினால் ஜார்ஜியாவின் ஆகஸ்டா. அங்கே ஒரு கிளை. 1872-இல் 24 வயது இளைஞன் ஒருவன், எட்ஜ்ஃபீல்டில் வளர்ந்தவன், கணக்கு தொடங்கியிருக்கிறான். அத்தையின் கொள்ளுத்தாத்தா! தாய் பெயரும் உடன்பிறந்த நால்வர் பெயரும் வரிசையாக இருந்தன. தொடக்கக் காலப் படிவங்களில் பழைய முதலாளி பெயரும் கேட்பார்கள். இவருடைய படிவத்தில் அந்த இடமே இல்லை. ஆகஸ்டா கிளை ஏட்டை யாராவது எடுக்கப்போனால் அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

அத்தையிடம் போன் போட்டு அந்தத் தாயின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "எழுத்துக் கூட்டிச் சொல்லு கண்ணு" என்றார். (பெயர்களை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் விட்டுவிடுகிறேன்.)

கேட்டது கிடைத்துவிட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அவ எங்க இருந்தா?" என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது.

ஆக ஐந்து பிள்ளைகளும் ஒரு தாயும். இது ஒரு கைரேகை மாதிரி. ஒற்றைப் பெயர் எத்தனையோ பண்ணைகளில் இருக்கும். ஆறு பெயர் ஒரே பட்டியலில், வயதும் பொருந்தி வந்தால் தப்பாது. 1870 சென்சஸில் கொள்ளுத்தாத்தா இருந்த பக்கத்தையும் முன்பின் இரண்டு பக்கங்களையும் எடுத்து, அங்கிருந்த வெள்ளை நிலக்காரர்களை எழுதிக்கொண்டேன். எட்டுப் பேர். விடுதலைக்குப் பிறகும் பலர் பழைய இடத்தின் பக்கத்திலேயே கூலிக்கோ விளைச்சலில் பங்குக்கோ உழுதுகொண்டிருந்தார்கள் என்பதுதான் கணக்கு. அந்த எட்டுக் குடும்பங்களிலும் 1850-க்கும் 1865-க்கும் இடையில் யார் செத்தார்கள் என்று பார்த்தேன்.

இரண்டாம் பயணம் எட்ஜ்ஃபீல்டுக்கு. போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்: பத்திரம் ஓர் அலுவலகம், உயிலும், இறந்தவர் சொத்து பற்றிய காகிதக் கட்டும் வேறு அலுவலகம். 1868-க்கு முன் உயில் பார்த்த அதிகாரிக்குப் பெயரே 'ஆர்டினரி'. பழைய அட்டவணையில் அந்தச் சொல்லைப் பார்த்து, சாதாரண கேஸ் போல என்று தள்ளிவிட்டுப் போனவள் நான்.

உயிலை நம்பாதீர்கள். "என் நீக்ரோக்கள் அனைவரையும் மனைவிக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். பெயர் இருப்பது சொத்துப் பட்டியலில். அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் வீடு வந்து, கட்டில், கலப்பை, கோவேறு கழுதை, மனிதர் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்புப் போட்டு எழுதுவார்கள். உயில் எழுதாமல் செத்தவனுக்கும் இது உண்டு. இன்னொன்று, ஜூனியர், சீனியர் என்று இருந்தால் அப்பன் மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஊரில் அதே பெயரில் மூத்தவன், இளையவன் என்பதுதான் பல இடங்களில் பொருள். எட்டில் இரண்டு பேர் விஷயத்தில் நான் இப்படித்தான் குழம்பினேன்.

ஏழாவது குடும்பத்தில் ஒருவன் 1855-இல் செத்திருந்தான். பெட்டி எண், கட்டு எண் எல்லாம் இருந்தது. கட்டைப் பிரித்தால் டாக்டர் பில், சவப்பெட்டிக்காரன் ரசீது, பருத்தி விற்ற கணக்கு. சொத்துப் பட்டியல் மட்டும் இல்லை. எந்தக் காலத்தில் யார் கையோடு போனதோ. எனக்கு அங்கேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தோன்றியது.

அப்போது பக்கத்து மேசையில் தன் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, "வாரிசுக்குள்ள சண்டை வந்துச்சா?" என்று கேட்டார். வந்திருந்தால் ஈக்விட்டி கோர்ட் (பாகப்பிரிவினை மாதிரி வழக்குகளைப் பார்த்த கோர்ட்) கட்டைப் பார்க்கச் சொன்னார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். விதவை மறுமணம் செய்துகொண்டாள், மூத்த தாரத்துப் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், கோர்ட் பாகப்பிரிவினைக்கு உத்தரவிட்டது. அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் வக்கீலுக்குத்தான் லாபம் என்று அப்பா சொல்வார். இந்த ஒரு முறை எங்களுக்கும்.

1856. ஒரு நீளக் காகிதம். மனிதர்களைப் பங்கு பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் மொத்தத் தொகை போட்டிருந்தார்கள். இரண்டாம் பங்கில் தாய், எட்டு வயதுப் பையன், கைக்குழந்தை. தாயும் குழந்தையும் சேர்த்து 850 டாலர். மற்ற மூவரும் நான்காம் பங்கில், இறந்தவனின் மருமகனுக்கு. பங்குகள் சமமாக வரவில்லை என்று இரண்டாம் பங்குக்காரர் நான்காம் பங்குக்காரருக்குச் சில டாலர்கள் கொடுக்க வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. கணக்கு அவ்வளவு நேர்த்தி.

அத்தை அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாப் பெயர்களையும் மெல்ல வாய்விட்டு வாசித்தார். எங்கள் ஆறு பேரை மட்டும் இல்லை, எல்லாரையும். தன் எட்டு வயதில் பிரிந்த மூவரின் பெயரையும் பதினாறு வருடம் கழித்து வங்கிக்காரனிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். எனக்கு அதை அப்போதுதான் எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு பழைய பேச்சு உண்டு, ஓடைக் கரையில் சொந்த நிலம் இருந்தது என்று. எட்ஜ்ஃபீல்ட் புத்தகங்களில் எழுதி வாங்கியவர் அட்டவணையை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன், இல்லை. பிறகுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் பத்திரத்தை எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் கழித்துப் பதிவு செய்வது சகஜம். வாங்கியபோது பழைய கவுண்டி. பதிந்தபோது புதுக் கவுண்டி. அப்படியென்றால் பத்திரம் இருப்பது எங்களைத் துரத்திவிட்ட அதே அலுவலகத்தில்!

மூன்றாம் பயணம். அதே கவுண்ட்டர், அதே ஆள். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பொதுமக்கள் பார்க்கிற புத்தகங்கள் எந்த அறை என்று மட்டும் விசாரித்து, நேராகப் போய் அட்டவணையை எடுத்தேன். கால் மணி நேரம். புத்தகம், பக்கம், பத்திரம், எல்லாம் இருந்தது.

பத்திரத்தில் எதை விட்டாலும் நான்கெல்லையை முதலில் படி என்பது அப்பாவின் பாடம். இங்கேயும் அதே கதைதான். சிவப்பு ஓக் மரத்திலிருந்து இத்தனை சங்கிலி (நில அளவு), ஓடை வழியே இத்தனை, பிறகு இன்னார் நிலம். கிழக்கே ஓடை. தெற்கே விற்றவனின் மிச்ச நிலம். மேற்கே சாலை. வடக்கே ஒரு பெயர்.

அரிய பெயர் அது. பண்ணைக்காரர்கள் விளையாட்டாக வைத்த ரோமானியப் பெயர்களில் ஒன்று. வங்கி ஏட்டில் அண்ணன் என்று இருந்த பெயர், 1856 காகிதத்தில் நான்காம் பங்கில் இருந்த பெயர். அதோடு ஒட்டியிருந்த குடும்பப் பெயர் எங்களுடையது இல்லை, அந்த மருமகனுடையது. அதனால்தான் ஒரு தேடலிலும் அவர் சிக்கவில்லை. காரில் உட்கார்ந்தே போனில் 1880 சென்சஸைத் திறந்தேன். அடுத்தடுத்த இரண்டு வீடுகள், இரண்டு குடும்பப் பெயர்கள்.

அதற்கு முன்பே அத்தை கவுண்ட்டருக்குப் போய்ப் பத்திரத்துக்கு நகல் கேட்டிருந்தார். எத்தனை என்று கேட்டாராம் அந்த மனிதர், இந்த முறை தலையைத் தூக்கி. இரண்டு என்று சொல்லியிருக்கிறார். ஒன்று நமக்கு. இன்னொன்று வடக்கு எல்லைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு. அவர்களை இனிமேல்தான் தேட வேண்டும்.