நினைவு மலர் அடிக்கிற வேலை

தூத்துக்குடியில் அச்சகத் தொழில் செய்கிறவனுக்கு வருடம் என்பது கோயில் காலண்டர்தான். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அதற்கு முந்தின ஒரு மாதம் நோட்டீஸ், நன்கொடை ரசீது, அன்பியங்களுக்கான (பங்கில் தெருவாரியாகக் கூடும் குழுக்கள்) அறிக்கை என்று மூச்சு விட முடியாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். டிசம்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடுகளில் இருந்து கல்யாணப் பத்திரிகை வராது, அப்போது கொஞ்சம் ஓய்வு. எந்தக் காலத்திலும் நிற்காமல் வருவது இறந்தவர்களுக்காக அடிக்கிற நினைவு அட்டையும் நினைவு மலரும் மட்டும்தான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இருந்து இதே வேலை. கத்தோலிக்க வீட்டுக்கு ‘நித்திய இளைப்பாற்றி’, புராட்டஸ்டன்ட் வீட்டுக்கு ‘கர்த்தருக்குள் நித்திரை’ என்று கேட்காமலே போட்டுவிடுவேன். எந்த வசனம் கேட்பார்கள் என்பதும் தெரியும். ஆண் என்றால் திமொத்தேயு இரண்டாம் கடிதத்தில் ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்று பவுல் சொல்கிற இடம். பெண் என்றால் நீதிமொழிகள் 31.

சிக்கல் என்னவென்றால் உள்ளே போடுகிற விஷயமும் அப்படித்தான் இருக்கும். ‘பக்தியும் பாசமும் நிறைந்த எங்கள் அன்புத் தாய்.’ ‘ஜெபமே மூச்சாக வாழ்ந்தவர்.’ என் கம்ப்யூட்டரில் ‘பாட்டி ஆர்சி’ என்றே ஒரு ஃபைல் இருந்தது. பெயர், தேதி, படம் மூன்றையும் மாற்றினால் போதும், அடுத்த பாட்டி தயார். யாரும் குறை சொன்னதில்லை. இறந்த முப்பதாம் நாள் பூசைக்குள் புத்தகம் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை. அழுது முடித்த கையோடு உட்கார்ந்து கட்டுரை எழுது என்றால் யாரால் முடியும்?

இந்த ஃபைலைத் தூக்கிப் போட வைத்தது ஒரு பாட்டி. 2023இல் இறந்தவர்.

மூத்த மகன், நடு மகள், ஒரு பேத்தி என்று மூன்று பேராக வந்தார்கள். முதல் சண்டை வயதில். மகன் 98 என்றார். ரேஷன் கார்டுப்படி 91. நடு மகள், “சும்மா இருங்கண்ணே, கோயில்ல பார்த்தா தெரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் பங்கு அலுவலகத்தில் இருந்து ஞானஸ்நானப் பதிவின் நகலோடு வந்தார். 1927. ஆக 96. இந்தப் பதிவேட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஞானஸ்நானம் எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே பிற்பாடு உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), கல்யாணம் எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்துவிடுவார்கள். அந்தக் காலத்துப் பக்கம் என்பதால் லத்தீன். பேத்தி அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு பெண்ணின் முதல் 20 வருடம் ஒன்றரை வரியில் அடங்கியிருந்தது.

தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானது 1923இல். அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர். பாட்டி அவர் கையால் உறுதிபூசுதல் வாங்கியவர். அதைச் சொல்லும்போது கடைசி வரை நிமிர்ந்து உட்கார்வாராம். கல்யாணம் 1946. கணவர் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்த்தோணி. தென்மேற்குக் காற்று வலுத்துவிட்டால் தோணி ஓடாது, வீட்டில் வருமானமும் ஓடாது. எட்டுப் பிள்ளைகள். அந்த மாதங்களில் கடைக்காரரிடம் கடன் சொல்வது, நகையை வைப்பது, மீட்பது எல்லாம் பாட்டியின் பொறுப்பு. இதில் ஒரு வரிகூட அவர்கள் எழுதிக்கொண்டு வந்த தாளில் இல்லை. பதினாறு பக்கம் ஆர்ட் பேப்பரில் மல்டிகலர் என்று முடிவாகிவிட்டது, எழுதி வந்ததோ ஒன்றரைப் பக்கம். பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்றுதான் முதலில் கேட்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் தொழில் கேள்விதான் அது.

“பாட்டி எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், மூன்றும் வேறு வேறு. மகன் நாலரை என்றார். மகள், “உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க தூங்கிட்டு இருப்பீங்க, நாலு மணி” என்றார். பேத்தி, தன் காலத்தில் ஐந்து என்றாள். பிறகு பேச்சு நிற்கவில்லை. கோயிலின் முதல் மணிக்கு முன்னால் முற்றம் தெளித்தாக வேண்டும். பூசைக்குப் போகும்போது எந்தப் பிள்ளையின் முறையோ அது கூடப் போக வேண்டும், காய்ச்சல் என்றால் மட்டும் விலக்கு. பகல் 12 மணிக்குத் திரிகால செபத்துக்கு மணி அடித்தால் அம்மியில் கை அப்படியே நிற்கும். அடுப்பில் நேரம் பார்க்கக் கடிகாரம் தேவையில்லை, செபமாலைதான் கணக்கு. முட்டைக்கு இரண்டு பத்து (ஒரு பத்து என்றால் பத்து மணி செபம்), பருப்புக்கு முழுசாக 53 மணி. பேத்தி இன்றைக்கும் இத்தாலிய நூடுல்ஸுக்கு இரண்டு பத்து வைத்துத்தான் இறக்குகிறாளாம். சரியாக வேகிறது என்றாள்.

ஏழு மணிக்குக் குடும்ப செபம். 1980களில் வீட்டுக்கு டி.வி. வந்தபோது பாட்டி எதிர்க்கவில்லை. திரு இருதயப் படத்துக்கு நேர் கீழே அதை வைக்கச் சொன்னார். எதைப் பார்த்தாலும் இயேசுவும் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற ஏற்பாடு. செபம் சொல்லும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த புதிய வடிவத்தில் சொல்ல, பாட்டி சங்கக் காலத்துக்கு முந்தைய பழைய வடிவத்தில் போவார் (1960களில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத்தான் சொல்கிறேன், மதுரைச் சங்கம் இல்லை). இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும், நடுவில் சந்தைக்கடைதான். 2002இல் போப் இரண்டாம் ஜான் பால், செபமாலையில் ஒளியின் மறையுண்மைகள் (செபிக்கும்போது தியானிக்கிற இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகள்) ஐந்தைப் புதிதாகச் சேர்த்தார், வியாழக்கிழமைக்கு. பாட்டிக்கு அப்போது 75 வயது. பேத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். “பாப்பு சொன்னா சரிதான், நீங்க சொல்லுங்க. நான் இருக்கிறதை முடிச்சிக்கிறேன்” என்று விட்டாராம். லத்தீன் தெரியாது, ஆனால் நற்கருணை ஆசீர்வாதத்தில் பாடுகிற ‘தாந்தும் ஏர்கோ’ என்ற லத்தீன் பாட்டு ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். கட்டிலில் கிடந்த கடைசி நாட்களில் பிள்ளைகள் பெயர் மறந்த பிறகும் அது வந்ததாம்.

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. ‘பக்தி நிறைந்த’ என்று நாங்கள் அடிக்கிறோமே, அது பாட்டிக்கு நிறைந்திருந்த ஒரு குணம் இல்லை. நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி அது நேரம் காலம் உள்ள ஒரு வேலை. வருகைப் பதிவு உண்டு, லீவு கிடையாது. மரியாயின் சேனையில் அவர் உறுப்பினர். 1921இல் டப்ளினில் தொடங்கிய அமைப்பு அது. வாரா வாரம் கூட்டம் போட்டு, போன வாரம் எந்த வீட்டுக்குப் போனாய், என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரும் எழுந்து அறிக்கை சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்த்தேன், சண்டை போட்டுப் பிரிந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பேச வைத்தேன் என்று பாட்டி அறிக்கை சொல்வாராம். மாமியார் மருமகள் தகராறில் மட்டும் தலையிட மாட்டார். தன் வீட்டிலேயே அது தீரவில்லை என்று நடு மகள் சிரித்தார்.

டிசம்பர் 23ஆம் தேதி அந்த வீட்டில் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கு ஊற்றுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஏதோ நோன்பு என்றுதான் பேத்தி நினைத்திருந்தாள். மகன் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த ராத்திரி தாத்தாவின் தோணி கொழும்புப் பக்கம். தகவல் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் தோணிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் பாட்டி வீட்டில்தான் கிடந்தார்கள், விடாமல் செபமாலை. ஆள் உயிரோடு வந்ததும் நேர்ச்சை. “எங்க அம்மா அதைப் பத்தி அப்புறம் பேசினதே இல்ல அண்ணாச்சி. கஞ்சி மட்டும் ஊத்திட்டே இருந்தாங்க” என்றார்.

படத்தில் ஒரு தகராறு. கையில் இருந்ததில் நல்ல படம் ஒரு பேரன் கல்யாணத்தில் எடுத்தது. எங்கள் டிசைனர் பையன் சுற்றி நின்றவர்களை வெட்டிவிட்டுப் பின்னால் மேகமும் புறாவும் போட்டு, கழுத்தில் அழுக்குப் பிடித்த நூல் ஒன்று தெரிகிறதே என்று அதையும் துடைத்துவிட்டான். புரூஃப் பார்த்த நடு மகளுக்கு முகம் மாறிவிட்டது. அது உத்தரியம். கார்மேல் மாதாவின் பழுப்புத் துணி, முதல் நற்கருணை வாங்கியதில் இருந்து கழற்றாதது. கிழிந்தால் புதிதை மாட்டிக்கொண்டுதான் பழையதை எடுப்பார். தாலிச் சங்கிலியைப் பிள்ளைகள் படிப்புக்காகப் பலமுறை அடகு வைத்திருக்கிறார், இது மட்டும் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. நூலைத் திரும்பக் கொண்டுவந்தோம். மேகம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மேகம் பிடிக்காது, ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

மறுநாள் பேத்தி மட்டும் தனியாக வந்து ஒரு நோட்டைக் கொடுத்தாள். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, அட்டைக்கு நியூஸ்பேப்பர் உறை. உள்ளே முழுக்கப் பெயர்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை, எழுத்து குண்டு குண்டாக இருந்தது. எல்லாம் இறந்தவர்கள். நவம்பர் மாதம் உத்தரிக்கிற (மோட்சம் போகுமுன் பாவம் தீர்க்கிற) ஆத்துமாக்களுக்கான மாதம். மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பெயர்களைக் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள். பாட்டி தெரு முழுவதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார். தோணியில் வேலை பார்த்தவர்கள், பால்காரக் கோனார், நகை வாங்கி வைத்த சேட்டு, சுவர்த் தகராறில் இருபது வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த எதிர்வீட்டு அம்மா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒவ்வொரு நவம்பருக்கும் ஒரு சின்னக் கோடு. சிலருக்கு இரண்டு மூன்று. ஒரு பெயருக்கு மட்டும் நாற்பதுக்கு மேல்.

அந்தப் பெயர் யார் என்று நடு மகளிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். 1970களில் அதே தெருவில் கிணற்றில் விழுந்து செத்த ஒரு பையன். அப்போது நடப்பில் இருந்த 1917ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டப்படி, தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குக் கோயில் அடக்கம் கிடையாது. மந்திரித்த கல்லறைத் தோட்டத்துக்கு வெளியேதான் புதைத்தார்கள். 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை எடுக்கப்பட்டுவிட்டது. பாட்டி 1983 வரைக்கும் காத்திருக்கவில்லை. பூசைக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுக்க முடியாது என்றதும் வீட்டில் உட்கார்ந்து தானே சொல்லிக்கொண்டார். சாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். இதையும் எதிர்ப்பாக அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து நடுப்பக்கத்தில் போட வேண்டும் என்றாள் பேத்தி. மூத்த மகன் மறுத்தார். “அடுத்த வீட்டுச் சாவை நாம எப்படி அண்ணாச்சி அச்சுல போடறது? அந்தப் பையனோட தம்பி இன்னும் இருக்காரு, பூசைக்கு வருவாரு.” பேத்தி அழுதாள். எனக்கு அந்தப் பக்கம் அச்சாக வேண்டும் என்று ஆசைதான், இருந்தாலும் மகன் சொன்னதுதான் சரி என்று பட்டது. நோட்டின் அட்டையை மட்டும் படமெடுத்துப் போட்டோம். ‘தெருவில் இறந்த எல்லாருக்காகவும் நவம்பர் தோறும் செபித்தார்’ என்று கீழே ஒரே வரி. முட்டைக்கு இரண்டு பத்து, 1964, கஞ்சி, டி.வி. எல்லாம் உள்ளே போனது. கடைசி நான்கு பக்கம் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் பெயர்ப் பட்டியல். மருமகன்களை எந்த வரிசையில் போடுவது என்பதில் போன நேரத்தை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

இந்தக் கடற்கரைக்கும் அச்சுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம். அன்றீக்கே என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் போட்ட அந்தப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரையின் பரதவர்கள். 1586இல் அவரே புனிதர்களின் கதைகளைத் தொகுத்து ‘அடியார் வரலாறு’ போட்டார். அது இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்வார்கள். நானும் பதினாறு பக்கம்தான் போடுகிறேன் என்று பேத்தியிடம் வேடிக்கையாகச் சொன்னேன்.

இப்போது நினைவு மலருக்கு யார் வந்தாலும் முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு எழுவார், யாரோடு பேசமாட்டார், எதைத் தொடவிடமாட்டார் என்று கேட்கிறேன். டிசைனர் பையனுக்கு எரிச்சல், ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகிறது. போன மாதம் வந்த ஒருவர், “எங்க அம்மா பூசைக்கே ஒழுங்காப் போனதில்ல அண்ணாச்சி. ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் வீட்டுக்கும் சாமியாருக்கும் மூணு வேளைச் சாப்பாடு எங்க வீட்ல இருந்துதான், அவங்களுக்கு நேரம் ஏது?” என்றார். சரி, அதையே முதல் வரியாகப் போட்டுவிடலாமா என்றேன். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அன்று சாயங்காலமே, போடச் சொல்லிப் போன் வந்தது.