குடைப்பிடியில் ஒரு பூதக்கண்ணாடி: போர்ட்டபெல்லோ சாலையில் சனிக்கிழமை

லண்டன் நாட்டிங் ஹில் கேட் நிலையத்தில் இறங்கி, பெம்பிரிட்ஜ் சாலை வழியாகச் சற்று நடந்தால் போர்ட்டபெல்லோ சாலை. செப்ஸ்டோ வில்லாஸ் முனையிலிருந்து எல்ஜின் கிரசென்ட் வரை பழம்பொருள் கடைகள். அதைத் தாண்டினால் காய்கறிக் கடைகள். பழம்பொருளுக்குச் சனிக்கிழமைதான் நாள். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

எழுதுமேசைப் பொருள்கள் என்று இங்கே அடுக்கியிருப்பவற்றில் பல, முதலில் மேசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விக்டோரியா காலத்துப் பெண்களின் வெயில்குடையில் துணி நைந்து கம்பி ஒடிந்த பிறகு வெள்ளிப்பிடி மட்டும் மிஞ்சும். அதன் கழுத்தில் லென்ஸ் வளையம் பொருத்தினால் பூதக்கண்ணாடி. காலணிப் பொத்தான்களைத் துளைக்குள் இழுத்து மாட்ட அன்று ஒரு கொக்கி இருந்தது. அதன் எஃகுக் கம்பியை உருவிவிட்டுத் தகடு செருகினால் கடிதம் பிரிக்கும் கத்தி. இப்படி மாற்றுவதில் தவறே இல்லை. குப்பைக்குப் போக வேண்டிய நல்ல வேலைப்பாடு பிழைக்கிறது. மாற்றியதை மறைத்து, முழுப்பொருளும் அந்தக் காலத்தது என்று விலை சொல்வதுதான் தவறு.

அதைக் காட்டிக்கொடுப்பது இணைப்புதான். பிடியின் பூவேலை வளையத்தருகே பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா, மூட்டில் கண்ணாடிபோல் பளபளக்கும் பசை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிடியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் தரம் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில். பிடியில் மட்டும் முத்திரை, வளையத்தில் எதுவும் இல்லை என்றால் இரண்டும் வெவ்வேறு பிறவியாக இருக்கலாம். கடைக்காரரிடம் நேரே கேளுங்கள்.

லென்ஸைச் சோதிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். தூரத்து ஜன்னலின் உருவம் தாளில் தெளிவாக விழும்வரை லென்ஸை நகர்த்தி, இடைவெளியை அளந்து, 25 சென்டிமீட்டரை அதனால் வகுங்கள். இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டரை மடங்கு பெருக்கும். பெரிய கண்ணாடி அதிகம் பெருக்கும் என்பது பொய்க்கணக்கு.

கொக்கிப் பிடிகள் பெரும்பாலும் திடவெள்ளி அல்ல. மெல்லிய தகட்டை இரு பாதிகளாக அச்சில் அடித்து, பற்றவைத்து, உள்ளே கீல் (தார் போன்ற பிசின்) நிரப்பியிருப்பார்கள். நம்மூர் நகைகளுக்கு அரக்கு வைப்பதைப் போலத்தான். காதருகே வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்றால் உள்ளே கீல் உடைந்துவிட்டது, கத்தித் தகடும் சீக்கிரம் ஆடும். பூவேலையின் மேடுகளில் கரும்புள்ளி தெரிந்தால் அது அழுக்கல்ல, வெள்ளி தேய்ந்து ஓட்டை விழுந்து கீல் எட்டிப்பார்க்கிறது, அதை வாங்காதீர்கள். வீட்டில் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கீல் இளகி விரிந்து, பற்றவைத்த விளிம்பு பிளக்கும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

கத்தித் தகடு ஆடினால் பிடியைச் சூடாக்காதீர்கள். தகட்டை மட்டும் மெல்லச் சூடாக்கினால் வெப்பம் உள்ளே இறங்கிக் கீல் இளகும். முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். திரும்பப் பொருத்த அரக்கே நல்லது. எபாக்சி பசை பிடித்துக்கொள்ளும். ஆனால் அடுத்த முறை பிரிக்கவே முடியாது.

கழற்றி மாட்டும் சட்டைக் காலர்களை வைத்த வட்டத் தோல்பெட்டிகளும் கிடைக்கும். கிளிப், முத்திரை மெழுகு வைக்க அருமை. விரலால் தேய்த்துச் செந்தூள் ஒட்டினால் மட்டும் விட்டுவிடுங்கள், அந்தத் தோல் மீளாது.

யானைத்தந்தம், ஆமையோட்டுப் பிடிகளைத் தொடவே வேண்டாம். பிரிட்டனின் 2018 தந்தச் சட்டமும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் குறுக்கே நிற்கும். விமானத்தில் திரும்பும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போகும் பெட்டியில் போடுங்கள். பூதக்கண்ணாடியை ஜன்னலோர மேசையில் திறந்து வைக்காதீர்கள். வெயில் குவிந்தால் தாள் பற்றிக்கொள்ளும். ஒரு துணிப்பை தைத்து மூடி வையுங்கள்.